ஊசிக்குப் பயம், அறுவைக்குச் சம்மதம்

மூக்கைச் சீர்செய்துகொள்ள வேண்டும் என்று பல வருடமாக ஆசைப்படுகிறவர்களில் சிலருக்குக் கத்தியை நினைத்துப் பயமே இல்லை. கையில் குத்தப்போகும் ஊசியை நினைத்துத்தான் தேதியைத் தள்ளிப்போடுகிறார்கள். வெளியே சொல்வதும் இல்லை. சொன்னால், "ஊசிக்கே இப்படி நடுங்குறவளுக்கு ஆபரேஷன் கேக்குதா?" என்று வீட்டிலேயே யாராவது கேட்டுவிடுவார்கள். அந்தக் கேள்வி நியாயமற்றது. இந்தப் பயம் மனத்தோடு நின்றுவிடுவதில்லை. ரத்த ஓட்டம் வரை இறங்கி வேலை செய்கிறது.

பாம்பைக் கண்டால் இதயம் படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும், ஆபத்து விலகும்வரை அப்படியே இருக்கும். அந்த நிலையில் மயங்கி விழுவது அரிது. ஊசியையும் ரத்தத்தையும் கண்டு அஞ்சுகிறவர்களில் பலருக்கு நடப்பது வேறு. முதலில் அழுத்தம் ஏறுகிறது. பிறகு சட்டென்று வேகஸ் நரம்பு இதயத்துடிப்பைக் குறைக்கிறது, ரத்தக் குழாய்கள் விரிகின்றன, அழுத்தம் சரிகிறது. மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்ததும் கண் இருட்டிக்கொண்டு வரும், காது அடைக்கும், உள்ளங்கை வியர்க்கும், ஆள் சரிந்துவிடுவார். இந்தப் போக்கு குடும்பவழியாகவும் வருகிறது. அம்மாவுக்கோ அண்ணனுக்கோ இதே வழக்கம் இருக்கிறதா என்று விசாரித்துப் பார்க்கலாம்.

இப்படி மயங்கி விழுகிறவரிடம் "உடம்பைத் தளர்த்திக்கோங்க, ரிலாக்ஸா இருங்க" என்று சொல்வது உதவாது. தளர்த்தினால் ஏற்கெனவே சரியும் அழுத்தம் இன்னும் சரியும். ஸ்வீடனின் உளவியலாளர் லார்ஸ் யோரான் ஓஸ்ட் 1980களில் இதற்கு நேர்மாறான பயிற்சியை வகுத்தார். கை, கால், வயிற்றுத் தசைகளை இறுக்கிப் பிடிக்க வேண்டும். பத்துப் பதினைந்து விநாடியில் முகத்தில் சூடு ஏறுவது தெரியும். அப்போது பிடியை விட வேண்டும். ஆனால் முழுக்கத் துவண்டுவிடாமல், சாதாரணமாக உட்கார்ந்திருக்கும் நிலைக்கு வந்தால் போதும். அரை நிமிடம் கழித்து மறுபடியும். இப்படி ஐந்து முறை. இறுகும் தசைகள் ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி அனுப்புவதால் அழுத்தம் விழாமல் நிற்கிறது. ஊசி போடும் கையை மட்டும் தளர்வாக வைத்துக்கொண்டு மற்றவற்றை இறுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். வீட்டில் சில வாரம் பழகியிருந்தால்தான் அன்றைக்குக் கைகொடுக்கும்.

எல்லோரும் மயங்குவதில்லை. சின்ன வயதில் நாலு பேர் அமுக்கிப் பிடித்து ஊசி போட்ட நினைவில் நடுங்குகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு மெதுவான மூச்சுப் பயிற்சிதான் பொருந்தும். தான் எந்த வகை என்று தெரிந்து டாக்டரிடம் சொல்வதே முதல் வேலை.

ஊசிக்குப் பயந்து, "அறுவை இல்லாத" சிகிச்சை பக்கம் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புருவங்களுக்கிடையே உள்ள கோடுகளுக்கு போடாக்ஸ் என்றால், விழித்திருக்கும்போதே வழக்கமாக ஐந்து இடத்தில் குத்துவார்கள். மூன்று நான்கு மாதத்தில் அதன் வேலை தீர்ந்துவிடும். மறுபடி போக வேண்டும். முடி நடும் சிகிச்சையில் மரத்துப்போகச் செய்யும் ஊசிகள் தலையைச் சுற்றிப் போடப்படுகின்றன, ஆள் மணிக்கணக்கில் விழித்தே இருக்கிறார். முழு மயக்கத்தில் செய்யும் மூக்கு அறுவையிலோ, மேஜையில் அவர் உணரும் குத்து பெரும்பாலும் ஒன்றுதான். அதற்காகவே முழு மயக்கம் கேட்பது சரியல்ல, அதற்கென்று தனி ஆபத்துகள் உண்டு. ஆனால் சின்ன சிகிச்சைக்குச் சின்ன பயம் என்ற கணக்கு இங்கே பலிக்காது.

அந்த ஒரு குத்தையும் உணராமல் தப்ப வழி இருக்கிறது. மயக்கம் கொடுத்து அறுவை செய்யும் முறை ஊசியோடு தொடங்கியதல்ல. 1846இல் பாஸ்டனில் ஈதரை முகரவைத்து அறுவை செய்து காட்டினார்கள். தோலுக்கடியில் மருந்து செலுத்தும் ஊசி எடின்பரோவில் வந்ததே 1853இல்தான். முகர்ந்து தூங்கும் பழைய வழி இன்றும் உண்டு. மூக்கின்மேல் முகமூடி வைத்து செவோஃப்ளூரேன் வாயுவைச் சுவாசிக்கச் செய்தால் ஓரிரு நிமிடத்தில் தூக்கம் வரும், ஊசி அதன்பிறகு. குழந்தைகளுக்கு இது அன்றாட வழக்கம். பெரியவர்களுக்கும் செய்யலாம், உடல்நிலை இடம்கொடுத்தால். நெஞ்செரிச்சல் அதிகம் உள்ளவர், மூச்சுப்பாதை சிக்கலானவர், மயக்க மருந்தால் குடும்பத்தில் யாருக்காவது கடும் காய்ச்சல் வந்த வரலாறு உள்ளவர் ஆகியோருக்கு மயக்க டாக்டர் மறுக்கலாம். அந்த மறுப்பில் அர்த்தம் உண்டு.

மறுத்தால், களிம்பு. லிக்னோகெயினும் ப்ரிலோகெயினும் கலந்த களிம்பைப் புறங்கையில் தடிமனாகத் தடவி, மேலே பிளாஸ்டிக் ஒட்டி, ஒரு மணி நேரம் விட வேண்டும். கடைசி நிமிடத்தில் தடவிப் பயனில்லை. தோல் வெளுத்து ரத்தக் குழாய் கொஞ்சம் சுருங்கும். களிம்பைத் துடைத்துவிட்டுக் கையை வெந்நீர்ப் பையில் வைத்தால் மறுபடி எழும்பும். ஊசியைப் படுத்துக்கொண்டு போட்டுக்கொள்வது நல்லது. மருந்து செலுத்தக் கையில் பொருத்தும், நர்ஸ்கள் "வென்ஃப்ளான்" என்கிற சாதனத்தைப் பற்றி ஒரு பெரிய தவறான எண்ணம் இருக்கிறது: ஊசி நாள் முழுக்க உள்ளேயே கிடக்கிறது, கையை மடக்கினால் குத்திவிடும் என்று. உண்மையில், எஃகு ஊசி வழிகாட்ட மட்டும் உள்ளே போகிறது. ரத்தம் எட்டிப் பார்த்ததும் அதை உருவி எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது மெல்லிய, வளைகிற பிளாஸ்டிக் குழாய். ஊசியை உருவியதும் அதை நோயாளிக்குக் காட்டி, "வெளியே வந்துடுச்சு" என்று ஒரு வார்த்தை சொல்லலாம். "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று சமாளிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

எல்லோரும் மறப்பது அறுவைக்கு முன்னும் பின்னும் வருகிற குத்துகளை. முன்னால் ரத்தப் பரிசோதனை இருக்கிறது. எல்லாச் சோதனைக்கும் ஒரே தடவையில் எடுக்கும்படி கேட்கலாம். வயிற்றுச் சதையைக் குறைக்கும் அறுவைக்குப் பிறகு, காலில் ரத்தம் உறையாமலிருக்க சிலருக்கு நாள்தோறும் ஊசி எழுதுவார்கள். அது உயிரைக் காப்பது, தவிர்க்கக் கூடாது. வீட்டுக்கு வந்தபின் திகைப்பதைவிட முன்பே தெரிந்திருப்பது நல்லது.

அழகுக்கான அறுவையில் அவசரம் கிடையாது, தேதியைத் தள்ளிவைக்கலாம். அந்த அவகாசத்தில் பயத்துக்கே சிகிச்சை எடுக்க முடியும். முதலில் ஊசியின் படம், பிறகு உறையில் இருக்கும் ஊசி, பிறகு தோலைத் தொடும் ஊசி என்று படிப்படியாக, நோயாளியின் சம்மதத்தோடு போகும் முறை அது. அதிகபட்சம் மூன்று மணி நேர ஒரே அமர்விலேயே இதை நடத்தும் வடிவத்தையும் 1989இல் ஓஸ்ட் வெளியிட்டார்.