மிளகாய் சொல்லும் பொய்

மிளகாய் அரைத்த கையால் கண்ணைக் கசக்கியவர்களுக்கு மிளகாய்க் குண்டு என்ற ஆயுதத்தை அதிகம் விளக்க வேண்டியதில்லை. கண் எரியும், ஆனால் அங்கே எதுவும் வெந்திருக்காது. நம் நரம்பு நுனிகளில் டிஆர்பிவி1 என்றொரு புரதம் இருக்கிறது. வெப்பம் சுமார் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் திறந்துகொண்டு, ‘சுடுகிறது’ என்று மூளைக்குச் சேதி அனுப்புவது அதன் வேலை. மிளகாயிலுள்ள கேப்சைசின் போய் ஒட்டிக்கொண்டால், சூடே இல்லாமல் அது திறந்துவிடுகிறது. 1997-ல் இதை வெளிக்கொணர்ந்த டேவிட் ஜூலியஸ் 2021-ல் நோபல் பரிசு பெற்றார். (பறவைகளின் புரதம் கேப்சைசினுக்கு மசியாது. கிளி மிளகாய்ப் பழத்தை அலட்டிக்கொள்ளாமல் கொறிப்பது அதனால்தான்.)

2016 கோடையில் காஷ்மீர் போராட்டங்களின்போது பாதுகாப்புப் படையினர் பெல்லட் துப்பாக்கிகளால் சுட்டார்கள். ஒரே தோட்டாவுக்குள் நூற்றுக்கணக்கான ஈயக் குண்டுமணிகள். வெளியே வந்ததும் விரிந்து சிதறும். குறிவைத்தது ஒருவரை என்றாலும் பக்கத்தில் நிற்பவரின் கண்ணும் தப்பாது. பலர் பார்வை இழந்த பிறகு மத்திய அரசு மாற்றாக முன்வைத்ததுதான் ‘பாவா’ என்ற அந்த மிளகாய்க் குண்டு. அதிலுள்ள வேதிப்பொருள் கேப்சைசினுக்கு நெருங்கிய சொந்தம். மிளகாயிலேயே கொஞ்சம் உண்டு. ஆயுதத்துக்குச் செயற்கையாகத் தயாரிக்கிறார்கள். பாவா வந்தது, பெல்லட் போகவில்லை.

அமெரிக்க ராணுவம் அதே நரம்பை வேறு வழியில் சீண்டிப் பார்த்தது. வண்டியில் ஏற்றிய கருவி 95 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையைப் பாய்ச்சும். தோலுக்குள் அரை மில்லிமீட்டர்கூட இறங்காது. ஆனால் நரம்பு நுனிகள் இருப்பதும் அந்த ஆழத்தில்தான். பட்டவர் நொடிகளில் விலகி ஓடுவார். இங்கே சூடு பொய்யல்ல: 2007-ல் சோதனையின்போது ஒரு வீரருக்குத் தீக்காயமே ஏற்பட்டது. 2010-ல் ஆப்கானிஸ்தானுக்குப் போன கருவி, ஒருமுறைகூடப் பயன்படாமல் திரும்பியது.

இவற்றை ‘உயிர் பறிக்காத ஆயுதம்’ என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ‘உயிர்ச்சேதம் குறைவான’ என்பதே நேர்மையான பெயர். திறந்த வெளியில் இருமலோடு போகும் மிளகாய்ப் புகை, மூடிய அறையில் ஆஸ்துமாக்காரரின் மூச்சை அடைத்துவிடும்.

1993-ல் உருவான ரசாயன ஆயுத ஒப்பந்தப்படி, மிளகாய்ப் புகை போன்ற கண்ணீர்ப் புகைகளைப் போர்முறையாகப் பயன்படுத்தக் கூடாது. உள்நாட்டில் கலவரத்தை அடக்கப் பயன்படுத்தலாம்.