தணிப்புப் பராமரிப்பு: பெயரும் பணியும்

முதியவர் ஒருவரின் இதய நோயோ நுரையீரல் நோயோ முற்றிய நிலையில், மருத்துவர் 'அந்திமகாலப் பராமரிப்பு' என்று சொல்ல, 'இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை' என்றே குடும்பத்தார் பொருள்கொள்கின்றனர். அந்திமம் முடிவைக் குறிக்கும் சொல்லாயிற்றே! இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் 1967இல் லண்டனில் நிறுவிய செயிண்ட் கிறிஸ்டஃபர்ஸ் ஹாஸ்பிஸைக் கண்டு திரும்பிய கனடிய மருத்துவர் பால்ஃபர் மவுண்ட், 'ஹாஸ்பிஸ்' என்ற சொல் பிரெஞ்சு பேசும் கியூபெக்கில் இழிவாக ஒலித்ததால், 'பாலியேட்டிவ்' என்ற பெயரைத் தேர்ந்தார். போர்வையைக் குறிக்கும் லத்தீன் சொல்லே அதன் வேர். காய்ச்சல் தணிகிறது, தாகம் தணிகிறது என்கிறோம். நோயின் துன்பத்தைத் தணிப்பதைத் 'தணிப்புப் பராமரிப்பு' எனலாம்.

இதய, நுரையீரல் நோய்களுக்கு இப்பெயர் மிகவும் பொருந்தும். புற்றுநோயாளர் பலர் ஓரளவு நலமாக இருந்து இறுதி மாதங்களில் விரைந்து தளர்வர். இந்நோய்களோ படிப்படியாக இறங்குபவை. திடீரென மூச்சு முட்டும், மருத்துவமனையில் சேர்ப்போம், தேறி வீடு திரும்புவார், ஆயினும் பெரும்பாலும் பழைய நிலையை எட்டமாட்டார். எந்தச் சரிவு கடைசி என்று மருத்துவராலும் உறுதியாகக் கூற இயலாது. ஆகவே இப்பராமரிப்பு சிகிச்சை ஓய்ந்தபின் தொடங்குவதன்று. சிகிச்சையோடு உடன் செல்வது. உடலில் தேங்கிய நீரை வெளியேற்றும் மாத்திரை இதய நோயாளரின் மூச்சுத்திணறலையும் குறைக்கிறது. முகத்தருகே பிடித்த சிறு கைவிசிறியின் குளிர்காற்று சிலருக்கு இதம் தரும். இரத்தத்தில் ஆக்சிஜன் குறையாதவருக்கு ஆக்சிஜன் குழாயால் பெரும்பயன் இல்லை என்பது பலருக்கு வியப்பளிக்கும்.

பாட்டிக்கும் மருத்துவருக்கும் இடையே மொழிபெயர்ப்பவர் பெரும்பாலும் பேரப்பிள்ளையே. 'ஹார்ட் ஃபெயிலியர்' என்பதை 'இதயம் நின்றுவிட்டது' என்று பெயர்த்தால் அவர் கலங்கிப்போவார். இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கிறது. இரத்தத்தைப் போதிய அளவு செலுத்தும் வலு குன்றியுள்ளது. 'இதயம் தளர்ந்துள்ளது' என்றாலே அவருக்கு விளங்கும்.

சிங்கப்பூரில் முன்கூட்டிய பராமரிப்புத் திட்டமிடல் எனப்படும் உரையாடலுக்கும் இம்மொழித் தெளிவு வேண்டும். மீண்டும் மூச்சு முட்டினால் தீவிர சிகிச்சைப் பிரிவா, வீடா? நெஞ்சில் பொருத்திய கருவி இறுதி நேரத்திலும் மின்னதிர்ச்சி தர வேண்டுமா? முதியவர் தேறி, நாற்காலியில் அமர்ந்து தேநீர் அருந்தும் நாளே இவற்றைக் கேட்பதற்கு உரிய நாள். அவசர ஊர்தி வாசலில் நிற்கும்போது, விடை சொல்ல அவருக்கு மூச்சு இராது.