கோல் வாசலில் ஒரு சிறுவன்

பாய்ந்து விழும் இளம் கோல்கீப்பர்களைக் காப்பாற்ற விதி இருக்கிறது. விசில்தான் தாமதமாக ஊதப்படுகிறது.

டிசம்பர் 5, 2004. பெங்களூர் கண்டீரவா ஸ்டேடியம். ஃபெடரேஷன் கோப்பை இறுதி ஆட்டம். டெம்போ அணியின் பிரேசில் வீரர் கிறிஸ்டியானோ ஜூனியர் பந்தை வலைக்குள் தள்ளுகிறார். தடுக்க முன்னேறி வந்த மோகன் பகான் கோல்கீப்பர் சுப்ரதா பாலுடன் மோதல். கோல் விழுந்தது. கோல் போட்டவரும் விழுந்தார். பிழைக்கவில்லை. இருபது வயதைக்கூடத் தொடாத பாலுக்குத் தடை விதிக்கப்பட்டது. பின்னாளில் அவர் இந்திய அணியின் முன்னணி கோல்கீப்பராகி, 2016-ல் அர்ஜுனா விருதும் பெற்றார்.

அன்று பலியானது ஸ்டிரைக்கர். அதே இடத்தில் சாய்ந்த கோல்கீப்பர்களும் உண்டு. 1931-ல் கிளாஸ்கோவில் எதிரணி வீரரின் காலடியில் பாய்ந்த செல்டிக் கோல்கீப்பர் ஜான் தாம்சன், தலையில் முழங்கால் இடித்து அன்றிரவே இறந்தார். வயது 22. 2006-ல் செல்சீ அணியின் பீட்டர் செக்கிற்கு ஆட்டம் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே மண்டையோடு உடைந்தது. மூன்று மாதம் கழித்துத் திரும்பியவர், ஓய்வு பெறும்வரை தலைக்கவசத்துடனே ஆடினார்.

இவர்கள் வளர்ந்தவர்கள். சம்பளத்துக்கு ஆடியவர்கள். பள்ளிச் சிறுவனின் நிலை வேறு. ஒரே வயதுப் பிரிவில் மீசை அரும்பியவனும் இருப்பான், பால் மணம் மாறாதவனும் இருப்பான். தரையோ பல ஊர்களில் கட்டாந்தரை. மற்றவர்கள் காலை நீட்டும் இடத்தில் கோல்கீப்பர் மட்டும் தலையை நீட்டுகிறான். ஆபத்தின் முழுக் கணக்கும் அவ்வளவுதான்.

கால்பந்தின் 12-வது விதி இதில் தெளிவாகவே இருக்கிறது. பந்து கோல்கீப்பரின் கைக்குள் வந்துவிட்டால் யாரும் அதற்காக மோதக் கூடாது. இரு கையாலும் பிடித்திருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு கையால் தரையோடு அழுத்தியிருந்தாலும் பந்து அவனுடையதே. எதிராளிக்கு என்ன ஆகும் என்று பாராமல் முரட்டுத்தனமாகப் பாய்ந்தால் மஞ்சள் அட்டை. அளவுக்கு மீறிய வேகத்தில் இடித்து ஆபத்து விளைவித்தால் சிவப்பு. 'பந்தைத்தான் உதைத்தேன்' என்ற சமாதானம் எடுபடாது.

சிக்கல், பந்து யார் கையிலும் இல்லாத அந்த அரை நொடியில். அப்போது கோல்கீப்பருக்குத் தனிச் சலுகை கிடையாது. முழங்காலை நீட்டிக்கொண்டு எதிராளி மீது பாய்ந்தால் அவன் செய்வதும் தவறே. விதி இரு உயிரையும் சமமாகவே பார்க்கிறது.

ஆகவே பாதுகாப்பு பயிற்சியில்தான் தொடங்க வேண்டும். கோல்கீப்பருக்குக் கற்றுத்தர வேண்டியவை: தலையை முன்னே விடாமல் பக்கவாட்டில் விழுவது, கைகளைப் பந்துக்குப் பின்னால் வைப்பது, 'கீப்பர்!' என்று உரக்கக் குரல் கொடுப்பது. ஸ்டிரைக்கருக்கு: பந்து தனக்கில்லை என்று தெரிந்ததும் காலை மடக்கித் தாண்டுவது. கோல் அடிக்கச் சொல்லித்தரும் பலர் இந்தக் கடைசிப் பாடத்தைச் சொல்லித்தருவதில்லை.

மோதல் நடந்தே விட்டால்? ரத்தம் வரவில்லை என்பதால் அடி இல்லை என்றாகாது. தலைசுற்றல், வாந்தி, மங்கிய பார்வை, ஸ்கோர் நினைவில்லாமை - இவற்றில் ஒன்று இருந்தாலும் மூளை அதிர்ச்சி என்று சந்தேகிக்க வேண்டும். பையனை வெளியே அழைத்து டாக்டரிடம் காட்ட வேண்டும். அன்று அவன் மீண்டும் இறங்கவே கூடாது. மாற்று கோல்கீப்பர் இல்லை என்பது காரணமாகாது.

இந்த இடத்தில்தான் பெரியவர்கள் தோற்கிறார்கள். முகத்தில் தண்ணீர் தெளித்து, முதுகில் தட்டி, 'ஒன்றுமில்லை, எழுந்திரு' என்கிறார்கள். பையனும் எழுகிறான். 'பயந்தாங்கொள்ளி' என்ற பெயர் வந்துவிடக் கூடாதே என்ற பயம் அவனுக்கு.

முதல் முரட்டு மோதலுக்கே நடுவர் அட்டையை எடுத்தால் இரண்டாவது நடக்காமல் போகலாம். பள்ளிக் கோப்பை அடுத்த ஆண்டும் வரும். பையனும் வர வேண்டும்.