சிறைக்கும் சபைக்கும் நடுவில்

ட்ராம்பே சீட்டா கேம்ப் வாசிகளுக்கு 2022 ஜூனில் விசித்திரமான நிலை. எம்.எல்.ஏ. இருந்தார். அவரே அமைச்சர். ஆனால் ஆள் விசாரணைக் கைதி.

செம்பூரை ஒட்டிய அணுசக்தி நகர் தொகுதியின் உறுப்பினர் நவாப் மாலிக்கை, குர்லா நிலம் ஒன்று தொடர்பான பண மோசடி வழக்கில் அந்த ஆண்டு பிப்ரவரி 23 அன்று அமலாக்கத் துறை கைது செய்தது. குற்றச்சாட்டுகளை அவர் மறுத்தார். இலாகாக்கள் கைமாறின, பதவி போகவில்லை.

ஜூன் 10 மாநிலங்களவைத் தேர்தலில் ஓட்டுப் போட அவரும், சிறையிலிருந்த முன்னாள் உள்துறை அமைச்சர் அனில் தேஷ்முக்கும் அனுமதி கேட்டார்கள். கிடைக்கவில்லை. ஜூன் 20 மேலவைத் தேர்தலுக்கு உச்ச நீதிமன்றம் வரை போயும் பலனில்லை. ஆனால் ஜூன் 29 அன்று, மறுநாள் நடக்கவிருந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் கலந்துகொள்ள அதே உச்ச நீதிமன்றம் இருவருக்கும் அனுமதி தந்தது. காவலோடு போய்க் காவலோடு திரும்ப வேண்டும். அன்றிரவே உத்தவ் தாக்கரே ராஜினாமா செய்ததால் அதற்கும் தேவை இல்லாமல் போனது.

பத்தொன்பது நாளில் இத்தனை மாற்றம் ஏன்? சிறையில் இருப்பவர் தேர்தலில் வாக்களிக்கக் கூடாது என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62(5) பிரிவு. நம்பிக்கை வாக்கெடுப்போ தேர்தல் அல்ல, சபையின் அலுவல். இரண்டிலும் கை தூக்குவது அதே உறுப்பினர்தான் என்பது வேறு விஷயம்.

‘எம்.எல்.ஏ.வைப் போலீஸ் தொட முடியாது’ என்ற நம்பிக்கை தாராவியிலும் உண்டு, மாட்டுங்காவிலும் உண்டு. சபை நடக்கும் காலத்தில் கைதிலிருந்து பாதுகாப்பு சிவில் வழக்குகளுக்கு மட்டுமே. கிரிமினல் வழக்கில் கைது செய்துவிட்டு சபாநாயகருக்குத் தெரிவித்தால் போதும். சபை வளாகத்துக்குள் என்றால்தான் அவர் அனுமதி வேண்டும்.

கைதைவிடச் சிக்கலானது, வழக்குத் தொடர யார் அனுமதி தருவது என்பது. முதலமைச்சர் பொது ஊழியரே என்று 1979இல் கருணாநிதி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. சாதாரண எம்.எல்.ஏ.? அந்தக் கேள்வியை எழுப்பியது மும்பைதான். சிமென்ட் கட்டுப்பாட்டில் இருந்த காலத்தில், ஒதுக்கீட்டுக்குப் பிரதியாக அறக்கட்டளைகளுக்கு நன்கொடை பெறப்பட்டது என்ற புகாரில், பம்பாய் உயர் நீதிமன்றத் தீர்ப்பை அடுத்து 1982 ஜனவரியில் முதல்வர் அந்துலே பதவி விலகினார். எம்.எல்.ஏ. பதவியை விடவில்லை. வழக்குத் தொடுத்தவர் பா.ஜ.க.வின் ராம்தாஸ் நாயக். ஆளுநர் அனுமதி தந்தார். ஆனால் எம்.எல்.ஏ.வும் பொது ஊழியர், சபையின் அனுமதி இல்லை என்று கூறி 1983இல் தனி நீதிபதி அந்துலேயை விடுவித்தார்.

1984 பிப்ரவரி 16 அன்று ஐந்து நீதிபதிகள் அதை மாற்றினார்கள். சட்டத்தில் ‘அரசு’ என்றால் நிர்வாகத் துறை. எம்.எல்.ஏ. அதனிடம் சம்பளம் வாங்குபவரும் அல்ல, அதன் வேலையைச் செய்பவரும் அல்ல. அதைக் கேள்வி கேட்கவே சபைக்குப் போகிறார். எனவே அவர் பொது ஊழியர் இல்லை, அனுமதியும் தேவையில்லை. அதிகாரப் பிரிவினை என்று அரசியல் சாசனப் புத்தகங்களில் படிப்பது இப்படி ஒரு சம்பளச் சீட்டில் வந்து நின்றது! (அந்துலே 2006இல் மத்திய அமைச்சரானார்.)

1988இல் புதிய ஊழல் தடுப்புச் சட்டம் வந்தது. அதன்படி எம்.பி.யும் பொது ஊழியரே என்றது 1998ஆம் ஆண்டின் நரசிம்ம ராவ் வழக்குத் தீர்ப்பு. அவரைப் பதவி நீக்கி அனுமதி தரக்கூடிய மேலதிகாரி யாரும் இல்லாததால், நாடாளுமன்றம் வழி சொல்லும்வரை குற்றப் பத்திரிகைக்கு முன் சபாநாயகரின் அனுமதி வேண்டும் என்றும் சொன்னது. சபாநாயகர் பெரும்பாலும் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார் என்பது வாசகருக்குத் தெரியும்.

அதே தீர்ப்புதான் இன்னொன்றும் சொன்னது: 1993 ஜூலை 28 நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் பணம் வாங்கி வாக்களித்தவர்களுக்குச் சாசனப் பாதுகாப்பு உண்டு, வாங்கியும் வாக்களிக்காதவருக்கு இல்லை. சொன்ன சொல் தவறாதவருக்குப் பரிசு!

26 ஆண்டுகள் இது சட்டமாக நின்றது. 2024 மார்ச் 4 அன்று ஏழு நீதிபதிகள் ஒருமனதாக இந்தப் பாதுகாப்பை நீக்கினார்கள். அந்த வழக்கைக் கொண்டுவந்தவர் 2012 மாநிலங்களவைத் தேர்தலில் லஞ்சம் வாங்கியதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஜார்க்கண்ட் எம்.எல்.ஏ. சீதா சோரன். 1993 வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவரான ஷிபு சோரனின் மருமகள்.