ஒன்பது ஆண்டுகளுக்கு என்ன கணக்கு?



எங்கள் பங்கில் ஆசிரியை ஒருவர் இருந்தார். பங்குப் பள்ளியில் 28 ஆண்டுகள் முதல் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் பாடம் சொன்னவர். இன்று எம் ஊரில் கடை வைத்திருப்போரும், பேருந்து ஓட்டுவோரும், மருத்துவமனையில் செவிலியராய்ப் பணிபுரிவோரும் அகர முதல் எழுத்துகளை அவர் கைபிடித்தே எழுதப் பழகினர். ஊரார் அனைவருக்கும் அவர் 'டீச்சர்'. கட்டிய கணவரும் அவரை அப்படியேதான் அழைத்தார். ஆதலின் அவர் பெயரை ஈண்டு எழுதத் தேவையில்லை.

கற்பித்த கரத்தையே நோய் முதலில் பற்றியது. முடக்குவாதம் என்றனர் மருத்துவர்கள். நோய்க்கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்படை, தன் மூட்டுகளையே பகைவரென மயங்கித் தாக்கும் நோய் அது. காலையில் எழும்போது விரல்கள் விறைத்திருக்கும், நாளடைவில் கோணிப்போகும். சாக்பீசைப் பிடிக்க இயலாமற்போன நாளில் டீச்சர் பள்ளியை விட்டு நின்றார். பின்னர் முழங்கால்களும் இடுப்பும் இறுகின. ஒன்பது ஆண்டுகள் கட்டிலிலேயே கழிந்தன. சென்ற மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி, ஒரு வார காலத்தில் இறைவனடி சேர்ந்தார்.

முப்பதாம் நாள் திருப்பலி முடிந்த மாலையில் அவர் கணவர் பங்கு இல்லத்திற்கு வந்தார். அஞ்சலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாதவர். ஞாயிறு திருப்பலிக்கு வந்தாலும் வாசலருகே நின்று, மறையுரை தொடங்கியதும் வேப்பமரத்தடிக்குச் சென்றுவிடும் வழக்கமுடையவர். அன்று அவர் என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்:

"சாமி, அவள் இருபத்தெட்டு ஆண்டு பள்ளியில் பாடம் சொன்னாள். அதற்குக் கணக்கு உண்டு. ஊரைப் பார்த்தாலே தெரிகிறது. ஒன்பது ஆண்டு கட்டிலில் கிடந்தாளே, அதற்கு என்ன கணக்கு?"

குருவானவர்கள் இத்தகைய வேளைகளில் வழக்கமாகச் சொல்லும் மொழிகளை நானும் சொன்னேன். ஆண்டவருடைய திருவுளம் என்றேன், சிலுவை என்றேன். அவர் மறுத்து ஒன்றும் பேசவில்லை. "தோத்திரம் சாமி" என்று கைகூப்பிவிட்டுச் சென்றார். நான் சொன்னது அவருக்குப் போதவில்லை என்பதை அவர் நடையே காட்டிற்று.

உண்மையைச் சொல்கிறேன். எனக்கும் அது போதவில்லை. முதல் வெள்ளிக்கிழமைகளில் நோயாளருக்கு நற்கருணை கொண்டுசெல்வது எம் பங்கின் வழக்கம். பதினான்கு வீடுகள், டீச்சர் வீடு ஐந்தாவது. செபம் சொல்லி, நற்கருணை அளித்து, ஆசீர் வழங்கிவிட்டு ஐந்து நிமிடத்தில் புறப்பட்டுவிடுவேன். ஒருமுறை அவர், "சாமி, சற்று உட்கார முடியுமா?" என்று கேட்டார். "அடுத்த வீட்டில் காத்திருப்பார்கள், டீச்சர்" என்றேன். அவர் சிரித்துத் தலையசைத்தார். அவர் என்ன சொல்ல விரும்பினார் என்பது எனக்கு இனித் தெரியப்போவதில்லை. பள்ளியை விட்டு நின்ற நாளிலேயே அவருடைய ஆசிரியப் பணி முடிந்தது என்று நானும் எண்ணியிருந்தேன் போலும்.

நீதிமொழிகள் நூலின் 31-ஆம் அதிகாரம் நல்ல மனைவியைப் போற்றுகிறது. அவள் விடியுமுன் எழுகிறாள். கம்பளியும் சணலும் தேடி நூற்கிறாள். ஏழைக்குக் கை நீட்டுகிறாள். அதிகாரம் முழுவதும் கைகளின் புகழே. அன்றிரவு அதனை வாசித்தபோது என் நெஞ்சில் ஒரு வினா எழுந்தது. கைகள் முடங்கிய மனைவியின் புகழை எங்கே வாசிப்பது?

அப்போதுதான் குருமடத்தில் பயின்ற காலத்தில் அறிந்த ஒரு வரலாறு நினைவுக்கு வந்தது. பிரான்சு நாட்டைச் சேர்ந்த எலிசபெத் லெசேர் என்னும் அம்மையாரின் வரலாறு அது.

அவர் 1866-ஆம் ஆண்டு பாரிசு மாநகரில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். 1889-இல் பெலிக்ஸ் லெசேர் என்பவரை மணந்தார். மருத்துவம் பயின்ற பெலிக்ஸ் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவரே. எனினும் விசுவாசத்தை இழந்திருந்தார். பின்னர்த் திருச்சபையை எதிர்க்கும் பத்திரிகையாளராகவும் விளங்கினார். திருமணத்திற்குப்பின் சிறிது காலத்திலேயே எலிசபெத் கடும் வயிற்று நோய்க்கு ஆளானார். குழந்தைப் பேறும் இல்லை. அதன்பின் அவர் முழு நலத்துடன் இருந்த காலம் குறைவு.

கணவரோ மனைவியை உயிராய் நேசித்தார். ஆனால் அவருடைய விசுவாசத்தை மட்டும் அகற்றிவிட முயன்றார். சிலகாலம் அந்த முயற்சி வெற்றியும் கண்டது. எலிசபெத் செபத்தையும் திருச்சடங்குகளையும் கைவிட்டார். எஞ்சியதையும் ஒழிக்கக் கருதிய பெலிக்ஸ், கிறிஸ்தவத்தின் தொடக்கத்தைப் பற்றி ரெனான் எழுதிய நூலை அவர் கையில் கொடுத்தார். விளைவு நேர்மாறாயிற்று. கூர்த்த அறிவுடைய அப்பெண்மணி, அந்நூலின் சொல்லழகுக்கு அடியில் வாதம் மெலிந்திருப்பதைக் கண்டார், நற்செய்தியை நாடினார். இழந்த விசுவாசம் முன்னினும் ஆழமாய்த் திரும்பிற்று.

திரும்பியபின் அவர் என்ன செய்தார்? கணவரோடு வாதிட்டாரா? இல்லை. கணவருடைய நண்பர்கள் வீட்டில் கூடி விசுவாசத்தை எள்ளி நகையாடியபோதும் இன்முகத்தோடு விருந்தோம்பினார். உடன்பிறந்தாளின் பிள்ளைகள் முதல் நன்மை வாங்கியபோது அவர்களுக்கென ஞான நூல்கள் எழுதித் தந்தார். விசுவாசமற்ற நண்பர்களுக்குப் பொறுமையோடு கடிதங்கள் எழுதினார். 1899-இல் தொடங்கி, எவரும் அறியாமல் ஒரு நாட்குறிப்பும் எழுதிவந்தார்.

1911-இல் மார்பில் கட்டி கண்டு அறுவை மருத்துவம் செய்தனர். சற்றுத் தேறினார். 1913-இல் புற்றுநோய் மீண்டும் பரவி அவரைப் படுக்கையில் வீழ்த்தியது. 1914 மே 3-ஆம் நாள் கணவரின் அருகிலேயே உயிர் துறந்தார். வயது 47.

இறந்தபின் பெலிக்ஸ் அந்த நாட்குறிப்பைக் கண்டெடுத்தார். தம் மனைவி தம்முடைய ஆன்மாவுக்காகத் தம் வேதனைகளை நாள்தோறும் இறைவனுக்கு ஒப்புக்கொடுத்து வந்ததை அதில் படித்தார். உடனே அவர் மனம் மாறிவிட்டார் என்று எண்ணவேண்டாம். லூர்து நகரை இழித்து நூல் எழுதும் கருத்தோடு அங்குச் சென்றார். அன்னையின் கெபியருகே அவர் உள்ளம் தளர்ந்தது. 1915-இல் திருச்சபைக்குத் திரும்பினார். 1917-இல் மனைவியின் நாட்குறிப்பை வெளியிட்டார். 1919-இல் புனித தோமினிக் சபையில் சேர்ந்து, 1923-இல் தம் 62-ஆம் வயதில் குருவானார். தம் மறைவுக்குப்பின் அவர் குருவாவார் என எலிசபெத் முன்னரே அவரிடம் கூறியிருந்தாராம். அமெரிக்கப் பேராயராய்ப் பின்னாளில் புகழ்பெற்ற புல்டன் ஷீன், 1924-இல் இந்தக் குருவானவர் நடத்திய தியானத்தில் கலந்துகொண்டு இவ்வரலாற்றை அவர் வாயாலேயே கேட்டார். 1950-இல் பெலிக்ஸ் இறந்தார். எலிசபெத்தை இறை ஊழியர் என்று திருச்சபை அழைக்கின்றது.

இந்த வரலாற்றை மறுவாரம் டீச்சர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அந்தக் கணவருக்குச் சொன்னேன். இம்முறை எனக்கு அவசரமில்லை. அவர் முழுவதையும் கேட்டார். நெடுநேரம் கழித்து, "அந்தப் பிரெஞ்சுக்காரருக்கு அம்மா எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். என் வீட்டில் எழுதக் கை இல்லை, சாமி" என்றார்.

நான் திகைத்தேன். ஆனால் அவரே தொடர்ந்தார். எழுதக் கை இல்லை; புத்தகத்தைப் பிடிக்கவும் கை இல்லை. ஆதலால் மாலைதோறும் அன்றைய நற்செய்தியை அவர்தான் உரக்க வாசிக்க வேண்டியிருந்தது. அவர் தடுமாறிய இடத்தில் டீச்சர் விடமாட்டார். முதல் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல், "திரும்பப் படியுங்கள்" என்பார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சிலேட்டுடன் வருவார்கள். டீச்சர் எழுத்தின் வளைவையும் கோட்டையும் வாயால் சொல்ல, இவர் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுதவைப்பார். சோறு வடிக்கவும், நோயாளிக்குத் தலைபின்னவும், படுக்கைப்புண் வராமல் உடலைத் திருப்பவும் அந்த ஆண்டுகளில்தான் கற்றார்.

"அவள் கேட்பதற்காகத்தான் வாசிக்கிறேன் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன், சாமி" என்றார். மேலே பேச இயலாமல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அன்பர்களே, நோவு நல்லது என்று திருச்சபை போதிப்பதில்லை. நோயைப் போக்க மருத்துவம் நாடுவது நம் கடமை. எலிசபெத் அம்மையாரும் அறுவை மருத்துவத்திற்கு உடன்பட்டார். டீச்சரும் இறுதிவரை மருந்து உட்கொண்டார். ஆனால் நீக்க முடியாத வேதனையும் வீணன்று. கிறிஸ்துவின் பாடுகளோடு அதனை இணைக்கலாம் என்று புனித பவுலடியார் கொலோசையருக்கு எழுதினார். 1984 பிப்ரவரி 11 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வேதனையின் பொருள்பற்றி எழுதிய திருத்தூது மடலும் இதனையே விரித்துரைக்கிறது. அதே பிப்ரவரி 11-ஐ நோயாளர் உலக நாளாக அவர் 1992-இல் ஏற்படுத்தினார். 1993 முதல் அது கொண்டாடப்படுகிறது. பெலிக்சுக்குக் கிடைத்ததுபோல் எல்லாருக்கும் நாட்குறிப்பு கிடைப்பதில்லை. எலிசபெத்தும் தம் கணவரின் மனமாற்றத்தைக் கண்ணால் காணவில்லை என்பதை மறவாதிருப்போம்.

உங்கள் இல்லத்திலும் நெடுநாள் நோயாளி ஒருவர் இருக்கலாம். அவரை ஓர் அறையில் ஒதுக்கி, வேளைக்குச் சோறும் மருந்தும் தருவதோடு நின்றுவிடாதீர்கள். குடும்பச் செபமாலையை அவர் கட்டிலருகே சொல்லுங்கள். பிள்ளைகளின் படிப்பையும் வீட்டின் வரவு செலவையும் பற்றி அவரிடம் கருத்துக் கேளுங்கள். நோயில் பூசுதல் என்னும் அருட்சாதனத்தைக் கடைசி மூச்சுவரை தள்ளிப்போடாதீர்கள். திருத்தந்தை ஆறாம் பவுல் 1972-இல் அதன் சடங்குமுறையைப் புதுப்பித்தபோது, அது சாகிறவருக்கு மட்டும் உரியதன்று, கடும் நோயுற்ற அனைவருக்கும் வலிமை தருவது என்பது தெளிவாயிற்று. இன்னும் குருவானவர் எண்ணெயுடன் வந்தால் எமனே வந்ததாக அஞ்சும் வீடுகள் உண்டு. டீச்சர் நோயின் இரண்டாம் ஆண்டிலேயே அதனைக் கேட்டுப் பெற்றார்.

இப்போது முதல் வெள்ளிக்கிழமைகளில் அந்தக் கணவர் என்னோடு வருகிறார். மெழுகுதிரியை ஏந்தி முன்னே நடக்கிறார். நற்கருணை அளித்து முடித்ததும் நான் எழுவதில்லை. இருவரும் சற்று அமர்கிறோம். பதினான்கு வீடுகளுக்கு ஒரு காலை போதாமையால் வெள்ளி, சனி என இரு நாளாய்ப் பிரித்துக்கொண்டோம்.

சென்ற மாதம் பக்கவாதத்தால் வீழ்ந்த முதியவர் ஒருவரின் வீட்டில், அவர் மருமகளுக்கு இவர் வழிகாட்டிக்கொண்டிருந்தார். இரண்டு மணிக்கு ஒருமுறை ஒருக்களித்துத் திருப்பவேண்டும். முழங்கால்களுக்கு இடையே தலையணை வைக்கவேண்டும். குதிகாலும் இடுப்பின் அடியும் சிவந்திருக்கின்றனவா என்று நாள்தோறும் பார்க்கவேண்டும் என்று சொல்லித் தந்தார். அந்தப் பெண் ஒருமுறை செய்துகாட்டினாள். தலையணை சற்று விலகியிருந்தது.

"திரும்பச் செய், அம்மா" என்றார் அவர், பொறுமையாக.