செய்து காட்டும் படம்

குஜராத் மாநிலத்தில் உள்ள பெரிய நகரம் அகமதாபாத். அங்கே சேவா என்ற பெண் தொழிலாளர் சங்கம் இருக்கிறது. 1972-இல் இலா பட் இதைத் தொடங்கினார். காய்கறி விற்பவர்கள், பீடி சுற்றுபவர்கள், துணி தைப்பவர்கள் இதில் சேர்ந்தார்கள்.

1984-இல் இந்தச் சங்கத்தைச் சேர்ந்த சுமார் 20 பெண்கள் வீடியோ எடுக்கப் பழகினார்கள். அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் கேமராவைக் கையில் எடுத்தார்கள். தங்கள் தொழிலைப் பற்றித் தாங்களே படம் எடுத்தார்கள்.

எப்படி முடிந்தது? கேமராவைப் பழகிக்கொள்ளலாம். ஆனால் தொழிலின் அருமை, செய்பவருக்குத்தானே தெரியும்!

2006-இல் பெங்களூருவில் டிஜிட்டல் கிரீன் என்ற முயற்சி தொடங்கியது. உழவர்களே உழவு வேலையைச் செய்து காட்டுவார்கள். அதைப் படம் எடுத்து ஊர் மக்களுக்குக் காட்டுவார்கள். பார்த்தவர்கள், "இவர் பெயர் என்ன? எந்த ஊர்?" என்று கேட்டார்கள். தங்களைப் போன்ற ஒருவர் செய்தால் தங்களாலும் முடியும் அல்லவா?

மக்கள் படத்தை நம்புகிறார்கள். பார்த்ததை அப்படியே வயலில் செய்கிறார்கள். அதனால் படம் எடுப்பவருக்குப் பொறுப்பு அதிகம். படத்தில் ஒரு வேலை விட்டுப்போனால், யாரோ ஒருவரின் விதை கெட்டுப்போகும்.

முதலில் எழுத வேண்டும்

நல்ல நெல் விதையை உப்புத் தண்ணீரில் பிரித்தெடுப்பது எப்படி? மகளிர் குழு ஒன்று இதைப் படமாக எடுக்கப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஒரு தாளில் வேலைகளை வரிசையாக எழுத வேண்டும்.

1. வாளித் தண்ணீரில் ஒரு நல்ல முட்டையைப் போடுவது. முட்டை மூழ்கும்.

2. தண்ணீரில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கரைப்பது.

3. முட்டை மேலே வந்து, ஒரு ரூபாய் நாணயம் அளவு வெளியே தெரிந்ததும் உப்பை நிறுத்துவது. முட்டையை எடுத்துவிடுவது.

4. விதை நெல்லைக் கொட்டுவது. மிதக்கும் பதரை அள்ளி எடுப்பது.

5. அடியில் தங்கிய நெல்லை நல்ல தண்ணீரில் இரண்டு, மூன்று முறை கழுவுவது.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு காட்சி. ஐந்து வேலைக்கு ஐந்து காட்சி. ஒரு படத்தில் ஒரு செய்தி போதும். உரம், பூச்சி எல்லாவற்றையும் இதிலேயே சொல்ல வேண்டாம். அவற்றுக்கு வேறு படம் எடுக்கலாம்.

படம் எடுக்கும்போது

செல்போன் போதும். அதைப் படுக்கை வாட்டில், ஆடாமல் பிடிக்க வேண்டும். எடுப்பவரின் முதுகுப் பக்கம் வெயில் இருக்க வேண்டும். எதிர் வெயிலில் எடுத்தால் ஆள் கறுப்பாகத் தெரிவார். கை செய்யும் வேலையைக் கிட்டத்தில் எடுக்க வேண்டும். முட்டை மிதப்பது தெளிவாகத் தெரிய வேண்டும் அல்லவா?

கணினியில் சேர்க்கும்போது

எடுத்த காட்சிகளைக் கணினியில் ஏற்ற வேண்டும். காட்சிகளை வெட்டி ஒட்ட ஷாட்கட், ஓப்பன்ஷாட் போன்ற மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. தாளில் எழுதிய வரிசையிலேயே காட்சிகளை அடுக்க வேண்டும். தேவையில்லாத இடங்களை வெட்டிவிடலாம்.

பிறகு குரலைப் பதிய வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். கதவைச் சாத்த வேண்டும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கலாம். தாளைப் பார்த்து ஒப்பிக்கக் கூடாது. பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்வதுபோல் நிதானமாகப் பேச வேண்டும். முதலில் ஒரு நிமிடம் பேசிப் பதிந்து, கேட்டுப் பார்ப்பது நல்லது.

ஊருக்குக் காட்டும் முன்

படத்தை முதலில் ஒருவருக்கு மட்டும் காட்ட வேண்டும். அவர் இந்த வேலையை முன்பு செய்யாதவராக இருக்க வேண்டும். பார்த்து முடித்ததும், "இப்போது என்ன செய்வீர்கள்?" என்று கேட்க வேண்டும்.

"உப்புத் தண்ணீரில் நெல்லைப் போடுவேன். பதரை எடுப்பேன். மீதியை விதைப்பேன்" என்று அவர் சொன்னால்?

கழுவுவதை அவர் சொல்லவில்லை. படத்தை மறுபடி பார்த்தால் காரணம் தெரியும். கழுவும் காட்சி வந்த வேகத்தில் போயிருக்கும். எடுத்தவர்களுக்கு அது பழகிய வேலை. அதனால் குறை அவர்கள் கண்ணில் படவில்லை. கழுவாத விதையில் உப்பு தங்கும். முளைப்பு கெடும். ஒரு குடும்பத்தின் விதையும் உழைப்பும் வீணாகும்.

பார்த்தவர் மேல் தவறு இல்லை. அந்தக் காட்சியை மறுபடி எடுக்க வேண்டும். கழுவுவதைக் கிட்டத்தில், நிதானமாகக் காட்ட வேண்டும். "ஏன் கழுவ வேண்டும்?" என்பதையும் குரலில் சொல்ல வேண்டும்.

பார்த்தவர் ஐந்து வேலைகளையும் வரிசையாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்போதுதான் படம் முடிந்தது என்று பொருள். அதன்பின் ஊரைக் கூட்டிக் காட்டலாம்.