கிரேக்கச் சிற்பியும் நம் சிற்பியும்



உயர்தர வகுப்பில் ஒரு நாள், இரத்தினபுரித் தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவி கேட்டாள்: “சேர், கிரேக்கச் சிலைகளில் நரம்பும் தசையும் தெரிகின்றன. எங்கள் கோயிற் சிலைகளில் அப்படி இல்லையே. எங்கள் சிற்பிகளுக்கு உடம்பைப் பற்றித் தெரியாதா?”

தன்னவரைத் தாழ்வாக எண்ணும் மனத்திலிருந்து எழுந்த கேள்வி அது. எளிதில் ஒதுக்கிவிட முடியவில்லை.

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரில் பார்த்தினன் கோயில் எழுந்தபோது, சிற்பப் பணிகளை மேற்பார்த்தவர் பீடியாஸ். அதே நூற்றாண்டினரான பொலிக்கிளீற்றஸ், உடலுறுப்புகளின் அளவு விகிதங்களை விளக்கி நூலே எழுதினார். விளையாட்டு வீரனின் கட்டுடலே அவர்களுக்கு இலட்சியம். ஆயினும் பீடியாஸ் பொன்னாலும் தந்தத்தாலும் சமைத்த அதீனா தேவி இன்று இல்லை. ஓவியர் அப்பலீஸின் ஓவியம் ஒன்றேனும் எஞ்சவில்லை. புகழ்பெற்ற சிலைகள் பலவற்றை உரோமர் காலத்துப் பளிங்குப் பிரதிகள் வழியாகவே அறிகிறோம்.

இக்கலையின் சாயல் காந்தாரத்துப் புத்தர் சிலைகளின் ஆடை மடிப்புகளிலும் படிந்தது. அதைக் கண்ட பூஷே முதலிய மேனாட்டறிஞர், புத்தர் உருவமே கிரேக்கரின் கொடை என்றனர். அதனை மறுத்தவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி (1877–1947). அவர் நம் மண்ணுக்கு அந்நியரல்லர்; கனிப்பொருள் ஆய்வாளராக 1904இல் இச்சப்பிரகமுவ மாகாணத்திலே தோரியனைற்றைக் கண்டறிந்தவர். காந்தாரத்திற் கிரேக்கச் சாயல் உண்டென அவர் ஒப்பினார். ஆனால், வட இந்திய மதுராவில் பழைய யட்சர் சிலைகளின் வழியே புத்தர் உருவம் தனித்துத் தோன்றியது என 1927இல் வாதிட்டார்.

நம் சிற்பிக்கும் அளவு நூல் உண்டு. முகத்தின் நீளத்தை அலகாகக் கொண்ட அதனைத் தாலமானம் என்பர். ஆனால் அவனுக்கு இலட்சியம் யோகியின் உடல், உள்ளடங்கிய மூச்சு. தசை முறுக்கு அங்கு வேண்டப்படவில்லை. பொலநறுவையிற் கிடைத்த நடராசர் வெண்கலங்கள் கொழும்பு தேசிய நூதனசாலையில் உள்ளன. ஒரு கால் ஊன்றி, மறுகால் தூக்கி ஆடும் உடலின் சமநிலையை உணராத கை அவற்றை வார்த்திருக்குமா?

பீடியாஸின் பெயர் நிலைத்தது. அவர் சமைத்த அதீனா மறைந்தாள். நம் நடராசர் நிலைத்தார். வார்த்தவன் பெயர் மறைந்தது.

அடுத்த தவணையில் வகுப்பை நூதனசாலைக்கு அழைத்துச் செல்வதாகச் சொல்லியிருக்கிறேன். மீதி விடையை அம்மாணவி தன் கண்ணாலேயே காணட்டும்.